ஏரிக்கரையில் கசிவா, பிளவா, சரிவா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

காவிரிப் படுகை என்றதும் ஆறும் வாய்க்காலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் புது ஆற்றுத் தண்ணீர், அதாவது கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், போய்த் தங்குவது ஏரி குளங்களில்தான். மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் என்று பெரியவை இருக்கின்றன. பெயரே வெளியில் தெரியாத ஊர் ஏரிகள் அதைவிட அதிகம். எல்லாமே மண் கரை. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் போட்ட வீராணத்துக் கரையும் மண்தான், போன வருடம் ஜேசிபி வைத்துப் பலப்படுத்திய கரையும் மண்தான்.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. நம்மூர்க் கரை பத்தடி, பன்னிரண்டு அடி. அதனால் கருவி வைத்துக் கண்காணிக்க யாரும் வரப்போவதில்லை. ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால், அதாவது சுமார் 100 ஏக்கர் தாண்டினால், ஏரி நீர்வளத்துறை கையில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் ஏரி யாருடையது என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரை கசியும் ராத்திரியில் அந்தக் கேள்விக்கு நேரம் இருக்காது.

கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும், தண்ணீரைப் போகவிட வேண்டும். கரை உடைந்த இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: தண்ணீரை அடைக்கப் பார்ப்பார்கள், மண் போய்க்கொண்டே இருக்கும்.

கரையின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறது, தெளிந்த தண்ணீர் கசிகிறது

ஏரி நிறைந்தால் மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். பழைய டெல்டாவின் களிமண்ணில் குறைவாகவும், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே செம்மண்ணும் மணலும் கலந்த இடங்களில் அதிகமாகவும் இருக்கும். கரையடியில் கோரை மட்டும் செழித்து வளர்ந்திருந்தால், அங்கே பல வருடமாகக் கசிவு இருக்கிறது என்று பொருள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கில் வைக்க வேண்டும்.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. கசியும் தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டி ஓர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு துண்டுக் குழாய் வழியே விழும்படி செய்து, பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கூடவே அன்றைக்கு ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்பதையும் எழுதி வையுங்கள். மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும், இறங்கும்போது குறைவதும் இயல்பு. மட்டம் அப்படியே இருக்கையில் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது. கசிவு திடீரென்று நின்றுவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே ஏதாவது சரிந்து வழியை மூடியிருக்கலாம், தண்ணீர் வேறு பக்கம் வழி தேடிக்கொண்டிருக்கலாம். இருபுறமும் இருபது முப்பதடி நடந்து பாருங்கள்.

ஈரம் கரையின் அடியில் இருக்கிறதா, சரிவின் நடுவில் இருக்கிறதா என்பதும் முக்கியம். அடியில் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சரிவில் பாதி உயரத்துக்கு மேல் ஈரம் தெரிந்தால் கரை உள்ளுக்குள் ஊறிப்போயிருக்கிறது. பின்னால் சொல்லும் சரிவுக்கு அது முன்னறிவிப்பு.

கசிவு கலங்கி வருகிறது, அல்லது மணல் கொப்பளிக்கிறது

இந்தக் குறிப்பில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். அப்படியே கால் மணி நேரம் கரை மேல் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடியில் மாவு மாதிரி மெல்லிய படலம் படிந்திருந்தால், அது உங்கள் கரையின் உள்ளிருந்து வந்த மண். மேலே பெய்த மழையில் சரிவு கரைந்து கலங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கசியும் வாய்க்கு மேலே சின்ன வரப்பு கட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு இன்னொரு பாட்டில் பிடியுங்கள். அதுவும் கலங்கலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மண் கரைக்குள் அரிப்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் தொடங்கும். தண்ணீர் வெளியே வரும் வாயில் முதல் மண்துகள் கழன்று போகும், அடுத்தது அதன் பின்னால் இருப்பது. இப்படியே பின்னோக்கி, ஏரியை நோக்கி ஒரு குழாய் உருவாகும். அது தண்ணீரைத் தொட்டதும் கரை போய்விடும். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்ததும் உள்ளரிப்பால்தான். காலை ஏழரை மணி வாக்கில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகல் 12 மணிக்கு முன்பே 300 அடி உயர மண் அணை உடைந்துவிட்டது. நம் கரை அதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நமக்குக் கிடைக்கும் நேரமும் அதற்கேற்பக் குறைவு.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொப்பளிக்கும் வாயில் களிமண்ணையோ கோணிப்பையையோ திணிக்காதீர்கள். வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பக்கத்தில் இன்னும் பலவீனமான இடத்தில் பீறிடும். ஊரே திரண்டு ஆளுக்கொரு மண் சட்டி தூக்கும்போது இதைச் சொல்லிக் கேட்க வைப்பது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது வடிகட்டி. கொப்பளிக்கும் இடத்தின் மேலும் சுற்றிலும் முதலில் கரடுமுரடான ஆற்று மணல் அரை அடி கனத்துக்கு, அதன் மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, கடைசியாகப் பாரத்துக்குக் கருங்கல். தண்ணீர் அதன் வழியே தாராளமாக வரும், மண் வராது. வேகம் அதிகமாகி மணலைப் போடப் போட அடித்துக்கொண்டு போனால், முதலில் பெரிய கல்லைப் போட்டு வேகத்தை உடையுங்கள். பிறகு ஜல்லி, மணல், மறுபடி ஜல்லி, கல் என்று அடுக்குங்கள். வெளிவரும் தண்ணீர் தெளிவானால் வேலை நடக்கிறது.

தரையில் மணல் குவிந்து, நடுவில் ஊற்றுப் போல் கொப்பளித்தால் இன்னொரு வழியும் உண்டு. அதைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேங்கவிடுங்கள். தேங்கும் தண்ணீர் மேலிருந்து அழுத்த, கொப்பளிப்பு தணியும். தண்ணீர் தெளியும் வரைதான் உயர்த்த வேண்டும். முழுக்க நிறுத்தப் பார்த்தால் திரும்பவும் அடைத்த கதைதான். வட்டத்தின் ஒரு பக்கத்தில் குழாய்த் துண்டு வைத்துத் தண்ணீரை வெளியே விடுங்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே மதகுகளைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கும், அடுத்த ஏரிக்காரர்களுக்கும் ஆள் போக வேண்டும். ஏரிகள் சங்கிலித் தொடராக இருக்கும் இடத்தில் மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்காது. மாவட்டப் பேரிடர் எண் 1077-க்குப் பேசிவிடுங்கள். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ஏரிக்குள், கரை ஓரமாகச் சுழி தெரிகிறது

கரைக்குள் போகும் வழி தண்ணீரைத் தொட்டுவிட்டது. இனி உள்பக்கத்திலிருந்துதான் அடைக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் வடிகட்டியும் வேண்டும். பெரிய தார்ப்பாயின் ஒரு விளிம்பில் மணல் மூட்டைகளைக் கட்டி, கரை மேலிருந்து உள்சரிவு வழியே சுழியின் மேல் இறக்குங்கள். இழுப்பு தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். தார்ப்பாய் இல்லாவிட்டால் வைக்கோலைப் பிரி பிரியாகச் சுருட்டி, களிமண் பூசி, கல் கட்டி இறக்கலாம். அதன் மேல் மண் மூட்டைகள்.

யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சுழிக்குப் பக்கத்தில் கால் வைத்தவரைக் குழி உள்ளே இழுத்துவிடும். சுழிக்கு நேர் மேலே கரையில் நிற்பதும் கூடாது. வேலை செய்பவர்கள் இரண்டு பக்கமும் விலகி நின்று கயிறு பிடித்துச் செய்யட்டும்.

மதகை மூடிவிட்டோம், ஆனாலும் வெளியே தண்ணீர் வருகிறது

கரைக்குக் குறுக்கே எது போகிறதோ அதுதான் கரையின் பலவீனம். கல்லோடும் செங்கல்லோடும் மண் முழுதாக ஒட்டாது. அந்த இடுக்கு தண்ணீருக்குப் போதும்.

வெளி வாயில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் மதகுக் குழாயின் உள்ளிருந்து வருகிறதா, கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்து வருகிறதா? உள்ளிருந்து தெளிவாக வந்தால் ஷட்டர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். அடியில் கட்டை, கல், பிளாஸ்டிக் ஏதாவது சிக்கியிருக்கும். ஒரு அடி தூக்கி, தண்ணீர் வேகத்தில் அடித்துப் போகவிட்டு மறுபடி இறக்குங்கள். திருகு கம்பி இறுகியிருக்கிறது என்று கடப்பாரை போட்டு இரண்டு பேர் சேர்ந்து முறுக்காதீர்கள். கம்பி வளைந்தால் அந்தப் பருவம் முழுக்க மதகு திறக்கவும் ஆகாது, மூடவும் ஆகாது. வருடா வருடம் ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறக்கும் சமயத்தில், ஏரிக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே கிரீஸ் போட்டு, முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள், ஆகவே சித்திரையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

குழாயின் உள்ளிருந்து வந்தாலும் கலங்கலாக வந்தால் விஷயம் வேறு. குழாய் நடுவில் எங்கோ உடைந்து, மேலிருக்கும் கரை மண்ணை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உடனே கரை மேல் ஏறி, மதகுக்கு நேர் மேலே நின்று பாருங்கள். தட்டு அளவுக்கு ஒரு பள்ளம், மழைத் தண்ணீர் தேங்கிய அடையாளம், சைக்கிள் போனால் தூக்கிப் போடுகிற இடம் ஏதாவது இருக்கும். அந்தப் பள்ளத்தை மண் போட்டு மேவிவிட்டுப் போவதைத்தான் வழக்கமாகச் செய்கிறோம். அடுத்த மாதம் திரும்பவும் இறங்கும், திரும்பவும் மேவுவோம். பள்ளம் கரை மேல் தெரிந்தாலும் நோய் பத்தடி கீழே இருக்கிறது. ஏரி மட்டத்தை இறக்கி, கோடையில் தோண்டிக் குழாயை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்து வந்தால், மேலே சொன்ன வடிகட்டி வைத்தியத்தை அங்கேயே தொடங்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டாருக்காகவும் பக்கத்து வயலுக்காகவும் ராத்திரியோடு ராத்திரியாகக் கரையைக் குடைந்து பிவிசி குழாய் புதைக்கிறார்கள். வழுவழுப்பான குழாயைச் சுற்றி மண் ஒட்டவே ஒட்டாது. நாலு இஞ்ச் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் இரண்டடி அகலம் இருக்கும், அதைக் காலால் மிதித்துத்தான் மூடியிருப்பார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் குழாயைக் கரைக்கு மேலாகப் போட்டு, நிரப்பி, தானே இழுத்துக்கொள்ளும்படி விடலாமே. கரைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அப்படிப் புதைத்த குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், சொந்தக்காரர் அண்ணனாக இருந்தாலும் மாமனாக இருந்தாலும் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

கரை மேல் பிளவு

வெயில் காலத்தில் களிமண் கரையில் வலை வலையாக வெடிப்பது சாதாரணம். விரல் ஆழம், சாண் ஆழம் இருக்கும். முதல் மழையில் மூடிக்கொள்ளும்.

கரைக்குக் குறுக்காக, ஏரிப் பக்கத்திலிருந்து வயல் பக்கம் போகிற பிளவு ஆபத்தானது; தண்ணீருக்குத் தயாராக இருக்கும் பாதை அது. கரை நீளவாக்கில் போகிற பிளவு, கரையின் ஒரு பக்கம் நகரத் தொடங்கியதைக் காட்டுகிறது. பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் அரை இஞ்ச் தாழ்ந்திருந்தால்கூட அடுத்த பகுதியில் சொல்கிற சரிவு ஆரம்பித்துவிட்டது.

எவ்வளவு ஆழம் என்று தெரிய, சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பிளவில் ஊற்றுங்கள். ஏரி தாழ்ந்திருக்கும்போது பிளவை ஒட்டித் தோண்டினால் வெள்ளைக் கோடு எதுவரை போகிறதோ அதுவரை பிளவு. அதற்கும் ஓரடி கீழே வரை தோண்டி எடுத்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மண்ணின் பதம் கையிலேயே தெரியும்: பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள், சப்பையாக ஒட்டினால் காயவிடுங்கள்.

மழை நேரத்தில் பிளவைக் கண்டால் தோண்டாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மழைத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு பக்கமும் குச்சி அடித்து இடைவெளியை அளந்து வைத்தால், பிளவு வளர்கிறதா என்று காலையில் தெரியும்.

சரிவு இறங்குகிறது

வெளிச்சரிவில் அடியில் வீக்கம், மேலே வில் போல வளைந்த பிளவு. இரண்டும் சேர்ந்து இருந்தால் ஊறிய கரை கீழே வழுக்குகிறது. எல்லோருக்கும் தோன்றுவது, இறங்கிய இடத்தில் மேலே மண் மூட்டை அடுக்குவதுதான். அதனால் பாரம் கூடி இன்னும் வேகமாக இறங்கும். மூட்டையும் கல்லும் அடியில் போக வேண்டும், வீங்கிய இடத்தின் மேலும் அதற்கு முன்னாலும். கசிவு இருக்கும் என்பதால் முதலில் மணலும் ஜல்லியும் பரப்பி, அதன் மேல் அடுக்குங்கள். அவை உருளாமல் இருக்கச் சவுக்குக் கட்டைகளை வரிசையாக அடிக்கலாம், ஆனால் அதையும் கரைக்கு அப்பால் தரையில் அடியுங்கள். நகரும் சரிவில் சம்மட்டி அடி வேண்டாம். டிராக்டர், லாரி எதையும் கரை மேல் விடக் கூடாது. மூட்டை ஏற்றி வரும் வண்டியேகூடக் கரையை இறக்கிவிடும்.

உள்சரிவு இறங்குவது வேறு காரணத்தால். ஏரித் தண்ணீரை வேகமாக இறக்கும்போது, கரைக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. வெளியே தாங்கிப் பிடித்த தண்ணீர் போய்விடும், உள்ளே கனம் மட்டும் நிற்கும். மீன் பிடிக்க வேண்டும் என்று எல்லா மதகையும் ஒரேயடியாகத் திறக்கும்போது நடப்பது இதுதான். சாதாரண நாளில் ஒரு நாளுக்கு ஓரடிக்கு மேல் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலங்கல் கசிவு மாதிரி ஆபத்து நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது இறக்குவதுதான் முக்கியம்.

தண்ணீர் கரை முகட்டை நெருங்குகிறது

மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால், வெளிச்சரிவு மேலிருந்து கீழாக அறுந்துகொண்டே போகும். உலகம் முழுவதும் மண் அணைகள் உடைவதற்கு உள்ளரிப்பும் இப்படி மேலே வழிவதும்தான் முக்கியக் காரணங்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊரை அழித்ததும் இந்த இரண்டாவது வகையில்தான்.

முதலில் கலிங்குக்கு, அதாவது ஏரி நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கு, ஓடுங்கள். சின்ன ஏரிகளுக்கு வழக்கமான கணக்கு, கலிங்கின் மேல் வெள்ளம் ஓடும்போதும் அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் கரை மூன்றடியாவது நிற்க வேண்டும் என்பது. அந்த மூன்றடியைத் தின்பது பெரும்பாலும் வானம் அல்ல, நாம்தான். இன்னும் பத்து ஏக்கர் தாளடி நெல்லுக்கு ஆகுமே என்று கலிங்கின் மேலுள்ள கல்தூண்களுக்கு நடுவே பலகை செருகி, மண் மூட்டை வைத்திருப்பார்கள். மீன் குத்தகை எடுத்தவர் வலை கட்டியிருப்பார், அதில் ஆகாயத்தாமரை வந்து அடைத்திருக்கும். கலிங்கில் ஓடும் தண்ணீரின் அளவு, உயரத்துக்கு நேர் விகிதத்தில் மாறுவதில்லை, அதைவிட வேகமாக மாறும். ஒன்றரை அடி உயரத்துக்கு ஓட வேண்டிய கலிங்கில் அரை அடிப் பலகை வைத்தால், அதே மட்டத்தில் ஓடும் வெள்ளம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அரை அடிதானே என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்தால் பலகை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கலிங்கைத் துப்புரவு செய்தும் மட்டம் ஏறினால், கரையின் தாழ்ந்த இடங்களைப் பார்த்து மூட்டை அடுக்குங்கள். மாடு ஏறி இறங்கும் தடம், டிராக்டர் தடம், மயானத்துக்குப் போகும் வழி, இவைதான் தாழ்ந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. கோடையிலேயே கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு, கலிங்கு மட்டத்திலிருந்து தொடங்கிக் கரை நெடுகப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் கல் நட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூட்டையோடு எங்கே போவது என்று யாருக்கும் குழப்பம் இருக்காது.

கரையை வெட்டி விடுவோம் என்று ஒரு குரல் வரும். மண் கரையில் ஓரடி வெட்டினால் அது ஓரடியோடு நிற்காது. வேறு வழியே இல்லை என்றால், கலிங்குக்கும் அப்பால், கரை முடிந்து இயற்கையான மேட்டுத் தரை தொடங்கும் இடத்தில் அகலமாக, ஆழமில்லாமல் வழி விடலாம். அதையும் அதிகாரிகளை வைத்துக்கொண்டு, கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

நண்டு வளை, எலி வளை, பெருச்சாளி

வளையின் வாயைப் பாருங்கள். ஈரமான சின்ன மண் உருண்டைகள் வட்டமாகக் குவிந்திருந்தால் நண்டு. தூளான மண் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் எலி. கை நுழையும் அளவுக்கு இருந்தால் பெருச்சாளி. நண்டு தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் குடையும், அதனால் ஏரி இறங்கும்போது வளைகள் வரிசையாகத் தெரியும். உள்சரிவில் ஒன்றும் அதற்கு நேராக வெளிச்சரிவில் ஒன்றும் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். வளையின் வாயை மட்டும் மிதித்து மூடினால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். சின்ன வளைக்குக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, நிறையும் வரை ஊற்றி, மறுநாள் இறங்கிய அளவுக்கு மறுபடி ஊற்றுங்கள். பெருச்சாளி வளையைத் தோண்டித்தான் இடிக்க வேண்டும். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

மரங்கள்

சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் கன்றிலேயே வேரோடு பிடுங்குங்கள். பெரிதாகிவிட்ட மரம் வேறு சிக்கல். வெட்டினால் வேர் உள்ளேயே மக்கி, சில வருடங்களில் தண்ணீர் போகும் குழாயாகிவிடும். ஆகவே வெட்டுவதானால் அடிக்கட்டையோடு பெரிய வேர்களையும் தோண்டி எடுத்து, பதம் பார்த்து இடித்து நிரப்பும் அளவுக்கு ஆளும் பணமும் இருக்கும்போது மட்டும் வெட்டுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கரை மேல் நின்ற மரங்கள் சாய்ந்து வேர்ப்பந்தோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு வந்தன. அந்தக் குழிகளைத் தளர்வாக மூடிய இடம் எதுவென்று தெரிந்தால், அடுத்த மழையில் அங்கே ஆள் நிற்கட்டும்.

பனைக்கு நான் எதிரியில்லை. சல்லி வேர் மண்ணைப் பிடிக்கும், காற்றுக்கும் லேசில் சாயாது. இருக்கும் பனையை விட்டுவிடுங்கள், புதிதாக நடுவதைக் கரையடிக்கு அப்பால் நடுங்கள். சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். கடலூர்க் கடலோரத்தில் வெட்டிவேர் பயிராகவே போடுகிறார்கள், நாற்று கிடைப்பது கஷ்டமில்லை.

ஏரி நிறைகிறது, ஆனால் நிற்பதில்லை

போன வருடம் தை வரை நின்ற தண்ணீர் இந்த வருடம் கார்த்திகையிலேயே இறங்கினால், தூர்வாரியதில் தவறு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏரியின் அடியில் பல காலமாகப் படிந்த களிவண்டல்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அதை வண்டி வண்டியாக அள்ளி, கீழே இருக்கும் மணல் படுகை தெரியும் வரை தோண்டினால் தண்ணீர் அடி வழியே இறங்கும். அதே பள்ளம் கரையை ஒட்டி இருந்தால், கரைக்கு அடியில் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. வெளிப்பக்கம் தரையில் கொப்பளிப்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான். கரையின் உள்ளடியிலிருந்து பத்து மீட்டராவது விட்டுத்தான் மண் எடுக்க வேண்டும், அதற்கு அப்பாலும் படிப்படியாகச் சரிவாகத்தான் ஆழம் போக வேண்டும். எடுத்த பள்ளத்தில் மணல் தெரிந்தால், களிமண்ணைக் கொண்டுவந்து ஓரடிக்குப் பரப்பி இடித்து மூடிவிடுங்கள்.

எடுத்த வண்டலை வயலுக்குக் கொடுப்பது நல்லது. கரை மேல் கொட்டிச் சமன் செய்வதை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். இடிக்காத மண் கரையை உயர்த்திக் காட்டும், முதல் அடைமழையில் கரைந்து வந்துவிடும். கஜாவுக்கு அடுத்த வருடம் பேராவூரணிப் பெரியகுளத்தை உள்ளூர்க்காரர்களே பணம் திரட்டித் தூர்வாரினார்கள். அப்படி ஊரே முன்னின்று செய்யும்போது, ஜேசிபி ஓட்டுபவரிடம் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடலாம். ஒன்று, கரையோரம் சுண்ணாம்புக் கோடு போட்டு அதைத் தாண்டி வாளி வைக்கக் கூடாது. இரண்டு, கரைக்குப் போகும் மண்ணை அரை அடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிய பிறகுதான் அடுத்த அடுக்கு. வாடகை கொஞ்சம் கூடும். டீசல் கணக்குப் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.